ஊர்தி புகா வழியில் ஒரு பகற்பொழுது

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று மாணவ ஆசிரியர் குழுவினர் எம்மிடம் வந்தபோது, 'சங்க இலக்கியத்தில் பறவைகள்' என்னும் பொருளைத் தாமே தேர்ந்து கொண்டு வந்தனர். எம் ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்குரிய ஆய்வேடு அப்பொருள் பற்றியது என்பதை அவர்கள் அறிவர். அதிலிருந்து ஓர் இயலைப் படியெடுத்துக் கொடுத்திருந்தால் எம் கடமை எளிதில் முடிந்திருக்கும். ஆயினும் அவ்வேட்டைக் குறித்து நெடுநாளாக எம் உள்ளத்தை உறுத்தி வரும் செய்தி ஒன்று உண்டு. அதனை இம்மலரின் வாயிலாக ஒப்புக்கொள்வதே முறை எனத் தோன்றியது.

நூற்றெண்பது பக்கங்கள் கொண்ட அவ்வேட்டில் நாரை, குருகு, அன்றில், அன்னம், மகன்றில் எனப் பறவைப் பெயர்களைத் திணைவாரியாகப் பகுத்துப் பாடல் எண்களோடு அட்டவணையிட்டிருந்தோம். தொல்காப்பியர் கருப்பொருள் வரிசையில் புள்ளினத்துக்கும் இடமளித்த நுட்பத்தை வியந்து ஓர் இயல் முழுவதும் எழுதியிருந்தோம். ஆனால், காகம், கோழி, மயில், கிளி போன்ற சிலவற்றைத் தவிர, அவ்வட்டவணையில் இடம்பெற்ற பறவை எதனையும் யாம் நின்று நோக்கியதில்லை. வகுப்பறையில் ஐயம் எழுந்தபோதெல்லாம், "குருகு என்பது ஒருவகைப் பறவை" என்று கூறி மேலே சென்றோம். மாணவரும் அவ்வாறே ஏட்டில் எழுதிக்கொண்டனர். தேர்விலும் அவ்வாறே எழுதினர். யாமும் மதிப்பெண் வழங்கினோம். பதினைந்து ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன.

இக்குறை எமக்குத் தைத்த இடம் நூலகமன்று. இராசத்தான் மாநிலத்துப் பரத்பூரில், ஊர்தி புகாத ஒரு சாலையில், வாடகைக்கு எடுத்த ஒரு மிதிவண்டியின் மேல் இருந்தபோதே அது தைத்தது.

2018ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் முதுகலை மாணவர் இருபத்து நால்வரை அழைத்துக்கொண்டு தில்லி, ஆக்ரா ஆகிய ஊர்களுக்குக் கல்விச் சுற்றுலா சென்றிருந்தோம். ஃபதேப்பூர் சிக்ரியைக் கண்டு முடித்த மாலையில், மறுநாட் காலையில் பரத்பூர்ப் பறவைப் பூங்காவுக்குச் செல்லலாம் என்று மாணவர் சிலர் வேண்டினர். "நெடுந்தொலைவு வந்தது கொக்கையும் நாரையையும் காண்பதற்கா?" என்று யாம் முதலில் மறுத்தோம். பறவைகளைப் பற்றி ஆய்வேடு எழுதியவர் கூறத்தக்க சொல்லா அது என்று இன்று எண்ணும்போது நாணமே மிகுகின்றது.

பரத்பூர் நகரை ஒட்டியே அமைந்தது கேவலாதேவ் தேசியப் பூங்கா. பரப்பளவு ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர். அது இயற்கை தானே வகுத்த ஏரியன்று. 18ஆம் நூற்றாண்டில் பரத்பூரை ஆண்ட சூரஜ்மல் மன்னர் காலத்தில் அஜான் அணை எனப்படும் நெடுங்கரை எழுப்பப்பட்டது. அதன்பின் பள்ளமான அந்நிலத்தில் நீர் தேங்கலாயிற்று. கம்பீர், பாணகங்கா ஆகிய ஆறுகள் அதற்கு நீர் தந்தவை. பின்னாளில் நீர்ப்பரப்பு சிறு சிறு கரைகளால் பாத்திகளைப் போலப் பிரிக்கப்பட்டது. அக்கரைகளின் மேல் கருவேலும் நீர்க்கடம்பும் இலந்தையும் நிழல் செய்ய, பாதைகள் நீளுகின்றன. 1982இல் தேசியப் பூங்காவாகவும், 1985இல் உலக மரபுச் சின்னமாகவும் அவ்விடம் ஏற்கப்பட்டது.

நுழைவாயிலைக் கடந்து சற்றுத் தொலைவு சென்றதும் சாலையின் குறுக்கே ஒரு தடுப்பு. புகை கக்கும் ஊர்தி எதுவாயினும் அதனோடு நின்றுவிட வேண்டும். யாம் சென்ற அந்நாளைய வழக்கப்படி, அப்பால் செல்ல விரும்புவோர் நடக்கலாம், மிதிவண்டி ஓட்டலாம், மிதிரிக்‌ஷாவில் அமரலாம். மிதிவண்டிகள் வாயிலிலேயே வாடகைக்குக் கிடைத்தன. எம்முடன் வந்த வாணியம்பாடி மாணவர் ஒருவர்க்கு மிதிவண்டி ஓட்டத் தெரியாது. அவர் வீட்டுமொழி உருது ஆதலின் மொழிபெயர்ப்புப் பணிக்கும் அவரே தக்கவர். ஆகவே அவரை ஒரு ரிக்‌ஷாவில் ஏற்றி முன்னே விட்டு, மற்றையோர் பின்தொடர்வதென முடிவு செய்தோம். பணியில் சேர்ந்து இருசக்கர ஊர்தி வாங்கிய நாள் முதலாக யாம் மிதிவண்டியைத் தொட்டதில்லை. ஏறிய முதற் கணத்தில் கைப்பிடி ஒருபுறமும் யாம் ஒருபுறமுமாகச் சாய்ந்தோம். "ஐயா, பிடித்துக்கொள்ளட்டுமா?" என்று ஒரு மாணவர் பின்னால் ஓடிவந்தார். யாம் அவரை அதட்டிவிட்டு மிதித்தோம். சிறிது நேரத்தில் கால்கள் பழைய பாடத்தைத் தாமே ஒப்புவித்தன.

பனி விலகாத காலை. முதலில் எம்மை வியப்பில் ஆழ்த்தியது பறவையன்று, ஓசையின்மை. பின்னால் ஒலிப்பான் அலறவில்லை. ஓரத்தில் ஒதுங்க வேண்டும் என்னும் அச்சம் தோளை இறுக்கவில்லை. சங்கிலி பல்லில் ஏறும் மெல்லொலியும், சருகின் மேல் சக்கரம் உருளும் ஒலியும் கேட்டன. அவற்றைத் தாண்டி, நீர்ப்பரப்பின் எல்லாத் திக்கிலிருந்தும் குரல்கள் எழுந்தன. ஊர்தியோசை நின்ற பிறகே உலகில் இத்துணைக் குரல்கள் உண்டென்பது புலனாயிற்று. மாணவர்களிடம் 'பேசாதீர்' என்று யாம் கூறவில்லை. அவர்களே குரலைத் தாழ்த்திக்கொண்டனர்.

ரிக்‌ஷா ஓட்டியவர்க்கு நாற்பத்தெட்டு வயதிருக்கும். பூங்காவினரிடம் பறவை இனங்காணும் பயிற்சி பெற்றவர். இரட்டைக்கண் தொலைநோக்கியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். சாலையோரத்துப் புல்தரையில், விசிறிபோல் கொண்டையை விரித்து, நீண்ட அலகால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த ஒரு பறவையைக் கண்டதும் வண்டியை நிறுத்தி, "ஹுத்ஹுத்" என்றார். மாணவர் முகங்களில் தோன்றிய மலர்ச்சியை எழுத்தில் வடிக்க இயலாது. சுலைமான் நபி (அலை) அவர்களிடம் சபா நாட்டுச் செய்தி கொணர்ந்த பறவையென மதரசாவில் ஓதிய நாள் முதல் அப்பெயரை அறிவோம். தமிழில் கொண்டலாத்தி என்பதும் அதுவே. எம்மூர்ப் புல்வெளிகளிலும் காணக்கூடியதே அப்பறவை. பெயரை இரு மொழியில் அறிந்திருந்தும், பறவையை அன்றுதான் கண்டோம்.

"இறங்கி நடந்து நெருங்கினால் பறந்துவிடும், மிதித்துக்கொண்டே போனால் உங்களைப் பொருட்படுத்தாது" என்று அவர் கூறியதை மாணவர் மொழிபெயர்த்தார். யாங்களும் மெல்ல மிதித்துக் கடந்தோம். கொண்டலாத்தி தன் வேலையை நிறுத்தவில்லை.

மேலும் ஒரு கிலோமீட்டர் சென்றபின், நீரின் நடுவே நின்ற கருவேல மரங்களில் பெரும் பறவைகள் கூட்டமாக அமர்ந்திருந்தன. வெண்ணிற உடல், இறக்கையில் கருங்கோடுகள், வாற்புறத்தில் இளஞ்சிவப்புத் தூவி, நீண்ட மஞ்சள் அலகு. ரிக்‌ஷாக்காரர் திரும்பி, "மாஸ்டர்ஜி, உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர்?" என்று வினவினார். மாணவர் அனைவரும் எம்மை நோக்கினர். நூற்றெண்பது பக்கங்களும் எம் நினைவில் புரண்டன; ஒன்றும் உதவவில்லை. "நாரை... ஒருவகை நாரை" என்றோம்.

அப்போது, வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்து வாய் திறவாதிருக்கும் ஒரு மாணவர், தயங்கித் தயங்கிக் கூறினார்: "ஐயா, இது மஞ்சள் மூக்கு நாரை. எங்களூர்ப் பக்கம் கூந்தன்குளத்தில் வீட்டுக் கொல்லை மரங்களிலேயே கூடு கட்டும். குஞ்சு விழுந்துவிட்டால் ஊரார் எடுத்து வளர்ப்பார்கள்." அம்மாணவர் நான்குநேரிப் பக்கத்துச் சிற்றூரினர். முந்தைய பருவத் தேர்வில் எம் தாளில் அவருக்குத் தேர்ச்சி கிட்டவில்லை. அத்தாளில் நெய்தல் திணைக்குரிய புட்களைப் பற்றிய வினாவும் இருந்தது என்பதை மறைத்துப் பயனில்லை.

சற்று அப்பால், ஆளுயரம் நிற்கும் சாரசக் கொக்குகள் இரண்டு, தலையும் மேற்கழுத்தும் செந்நிறமாக, வயல் போன்ற ஈரநிலத்தில் இணையாக நடந்துகொண்டிருந்தன. அவை வாழ்நாள் முழுவதும் பிரிவதில்லை என்று அங்குள்ள மக்கள் போற்றுவர் என ரிக்‌ஷாக்காரர் கூறினார். "ஐயா, நம் அன்றில் இதுதானோ?" என்று ஒருவர் கேட்டார். சாரசக் கொக்கு தமிழகத்தில் வாழும் பறவையன்று. ஆகவே அதுவன்று எனலாம். அவ்வாறாயின் அன்றில் எது? அதனை அரிவாள் மூக்கன் இனத்தது என்பாரும் உளர், மறுப்பாரும் உளர். வழக்கமான விடை நாவின் நுனிவரை வந்தது. அதனை விழுங்கிவிட்டு, "எமக்குத் தெரியாது, திரும்பிச் சென்று எல்லோரும் தேடுவோம்" என்றோம். மாணவர் முன்னிலையில் யாம் அச்சொல்லைக் கூறியது அதுவே முதன்முறை. எம் மதிப்பு குறைந்துவிடும் என அஞ்சினோம். குறையவில்லை, அதன்பின் அவர்கள் முன்னிலும் மிகுதியாக வினவத் தொடங்கினர்.

சாலை, பூங்காவுக்குப் பெயர் தந்த கேவலாதேவ் சிவாலயத்தை அடைகின்றது. அதனருகே கல்வெட்டுகள் நிற்கின்றன. பழங்காலத் தானச் செய்தி இருக்கும் என்னும் தமிழாசிரிய ஆவலோடு நெருங்கினோம். அவை வேட்டைக் கணக்குகள். எந்நாளில் எந்தப் பெருந்தகை வந்தார், எத்தனை துப்பாக்கிகள், எத்தனை பறவைகள் வீழ்ந்தன எனக் கல்லில் பொறித்திருக்கின்றனர். 1938 நவம்பர் 12ஆம் நாள், அரசப் பிரதிநிதி லின்லித்கோ பிரபு வந்திருந்தபோது ஒரே நாளில் சுடப்பட்டவை 4,273 பறவைகள். அந்நாள் பறவையியல் அறிஞர் சாலிம் அலி அவர்களின் பிறந்தநாள். 1896இல் பிறந்த அவர்க்கு அன்று நாற்பத்திரண்டு வயது நிறைந்தது.

சாலிம் அலி அவர்களை நம் சமுதாயத்து இளைஞர் பெரிதும் அறிந்திலர். பம்பாயில் சிறுவராக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் அவர் சுட்ட ஒரு குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. இது உண்ண ஆகுமானதா என்னும் ஐயத்தோடு தம் மாமாவிடம் ஓடினார். அவர் விடை அறியாமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பி வைத்தார். ஹலாலா ஹராமா என்று கேட்கச் சென்ற சிறுவர் அங்கே பறவையியலைக் கண்டடைந்தார். பிற்காலத்தில் அவர் பரத்பூருக்குப் பன்முறை வந்து, வலசைப் பறவைகளின் காலில் வளையமிட்டு ஆய்ந்தார். அந்நிலம் காக்கப்படுவதற்குக் குரல் கொடுத்தார். 1964இல் இறுதிப் பெருவேட்டை நடந்தது. 1972 வரை மன்னரிடம் இருந்த வேட்டையுரிமை பின்னர் நீங்கியது. இவ்வளவும் கூறியபின் ஒன்று கூற வேண்டும்: அவர் மோட்டார் சைக்கிளின் மேல் தீராக் காதல் கொண்டவர். 1950இல் சுவீடன் நாட்டு உப்சாலாவில் நடந்த பறவையியல் மாநாட்டுக்காக ஐரோப்பா சென்றபோது, தம் சன்பீம் வண்டியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனவர். இயந்திர ஊர்தியே தீதென்பதன்று. அது நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு என்பதே செய்தி.

நண்பகலில், சாலையோரத்து நிழலிலேயே ளுஹர் தொழுதோம். பின்னால் ஊர்தி வருமோ என்று எவரும் திரும்பிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. ரிக்‌ஷாக்காரர் எம் மிதிவண்டிகளுக்குக் காவலிருந்தார். தொழுகை முடிந்து, கொண்டுவந்த ரொட்டியைப் பகிர்ந்துண்ணும்போது, "இத்துணை அழகிய இடத்தில் வேலை செய்கின்றீர்; கொடுத்து வைத்தவர்" என்று யாம் முகமனாகக் கூறினோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு கூறியதை மாணவர் மெல்ல மொழிபெயர்த்தார்.

அவர் ஊர் பூங்கா மதிலை ஒட்டியது. அவர் தந்தையார்க்கு நான்கு எருமைகள் இருந்தன. வழிவழியாக அவை பூங்காவுக்குள் மேய்ந்தவை. 1982இல் தேசியப் பூங்கா ஆனதும் மேய்ச்சல் முழுவதும் தடுக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் ஊரார் எதிர்த்தனர், துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. அவர்க்கு அப்போது வயது பன்னிரண்டு. எருமைகள் விற்கப்பட்டன. "எருமை போனபின் புல் மண்டியது, நீர் தெரியாமல் மூடிக்கொண்டது, வாத்துகள் இறங்க இடம் குறைந்தது. படித்தவர்கள் பிறகு வந்து அதையே எழுதினார்கள்" என்றார். அது மெய்யே என்பதைப் பின்னர் படித்தறிந்தோம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980 முதல் 1990 வரை அங்கே நடத்திய நெடிய ஆய்வு, எருமைகள் தின்று கட்டுப்படுத்திய நீர்ப்புல், அவை நீங்கியபின் பெருகியதைப் பதிவு செய்தது. மேய்ச்சலை நிறுத்த வேண்டும் என்பாருள் சாலிம் அலி அவர்களும் ஒருவர். அறிஞர்க்கும் பிழை நேரும். அவர் சார்ந்த கழகமே அதனை ஆய்ந்து வெளியிட்டது அறிவுலகின் நேர்மை.

"ஆனால் மாஸ்டர்ஜி, மோட்டாரையும் அதே வாயிலில் நிறுத்தினார்கள். அதனால்தான் என் ரிக்‌ஷா ஓடுகிறது. என் மகன் படிக்கிறான். நான் யாரைக் குறை சொல்ல?" என்று முடித்தார் அவர்.

எமக்கு விடை கூறத் தெரியவில்லை. தந்தையின் எருமையை வெளியே நிறுத்திய கதவே மகனுக்குச் சோறளித்தது. அக்கதவு நன்றா தீதா? திரும்பும் வழியில் மிதித்துக்கொண்டே எண்ணியபோது, 'ஹிமா' நினைவுக்கு வந்தது. இஸ்லாத்தின் தொடக்க காலத்தில் பொதுநலம் கருதிக் காக்கப்பட்ட மேய்ச்சல் நிலத்துக்கு அது பெயர். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அதற்குக் காவலராக ஒருவரை அமர்த்தியபோது, சிறு மந்தையுடைய எளியவரை உள்ளே விடுமாறும், செல்வர்தம் மந்தைக்கு முன்னுரிமை தர வேண்டா என்றும் அறிவுறுத்தியதாக ஹதீஸ் நூல் கூறும். செல்வர்க்குக் கால்நடை அழிந்தாலும் தோட்டமும் வயலும் உண்டு. எளியவர்க்கு அதுவே வாழ்வு. காப்பதற்குக் கதவு வேண்டும். ஆனால் கதவருகே நிற்பவர், வெளியே நிற்பவரின் முகத்தைப் பார்த்த பின்னரே அதனை அடைக்க வேண்டும். அன்று பகல் முழுவதும் எம்மை மகிழ்வித்த ஓசையின்மைக்கு விலை கொடுத்தவர் எமக்கு முன்னே ரிக்‌ஷா மிதித்துக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பியபின் எம் செயலில் மாற்றம் ஒன்றிரண்டு நேர்ந்தன. 'ஒருவகைப் பறவை' என்னும் தொடரை எம் பாடக் குறிப்பிலிருந்து அடித்துவிட்டோம். தெரிந்தவிடத்துத் தெரிந்ததைக் கூறுகின்றோம். தெரியாதவிடத்து அதனை மாணவர்க்குத் தேடற்பணியாக விடுகின்றோம். அடுத்த திங்களிலேயே அக்கடைசி வரிசை மாணவரை வழிகாட்டியாகக் கொண்டு கூந்தன்குளம் சென்றோம். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அவ்வூரில், மக்கள் அறிவிப்புக்கு நெடுங்காலம் முன்பிருந்தே பறவைகளைக் காத்து வருகின்றனர். அங்கே கதவில்லை, பறவைகள் வீட்டு வேலிக்குள் கூடு கட்டுகின்றன. கடைசி ஐந்து கிலோமீட்டரை மிதிவண்டியில் சென்றோம். பேருந்தும் சரக்குந்தும் எம்மைச் சாலையை விட்டு மும்முறை இறக்கின. மஞ்சள் மூக்கு நாரையைக் கண்டபோது, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் சென்று அறிமுகம் பெற்ற அண்டை வீட்டாரைப் போல இருந்தது. அம்மாணவர் எழுதிய மறுதேர்வில் யாம் திருத்திய தாள் அவருடையதாக இருந்ததா என்பதை யாம் அறியோம். ஆனால் அவர் தேர்ச்சி பெற்றார்.

கல்லூரி ஆட்சிக்குழுப் பெரியோர்களிடமும், ஜமாஅத் மூத்தோர்களிடமும் இம்மலரின் வாயிலாக ஒரு விண்ணப்பம். நம் கல்லூரி முதன்மை வாயிலிலிருந்து தமிழ்த்துறை வரை இருபுறமும் வேம்பு நிற்கும் சாலை ஒன்று உண்டு. காலை முதல் மாலை வரை அதில் ஊர்திகள் இடைவிடாது ஓடுகின்றன. அவற்றுள் எம்முடையதும் ஒன்று என்பதை ஒப்புக்கொள்கின்றோம். வகுப்பு நேரங்களில் மட்டுமேனும் இயந்திர ஊர்திகளை வாயிலருகே நிறுத்திவிட்டு, நடந்தோ மிதிவண்டியிலோ வரும் வழக்கத்தை ஏற்படுத்தினால் என்ன? கால் முடியாத மாணவரின் மூன்று சக்கர வண்டிக்கும், நோயாளியைச் சுமக்கும் ஊர்திக்கும், நண்பகலில் உள்ளே வந்து கடலை விற்கும் மூதாட்டியின் தள்ளுவண்டிக்கும் அத்தடுப்பு எந்நாளும் திறந்திருக்கட்டும். யாரை நிறுத்துகின்றோம் என்பதை முதலில் அமர்ந்து பேசி, அதன்பின் கதவமைப்போம்.

அவ்வேம்புகளில் என்னென்ன பறவைகள் வாழ்கின்றன என்று எமக்கு இன்னும் முழுதும் தெரியாது. ஓசை அடங்கினால் மாணவர் கண்டறிந்து எமக்குக் கூறுவர். கேட்டுக்கொள்ள ஆயத்தமாக உள்ளோம். வல்ல இறைவன் அருள்புரிவானாக.